பூனைக்கு நாள்பட்ட இரத்தசோகை: டர்பன் பக்கம் முதல் பணத்தை எந்தச் சோதனையில் போடுவது?

பூனை தன் இரத்தசோகையை வெளியே காட்டிக்கொள்ளாது. வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தம் குறைந்தால் உடல் அதற்குப் பழகிவிடும். மதில் ஏறுவதை விட்டுவிட்டு சோபாவிலேயே கிடக்கும், சாப்பாட்டைப் பாதியில் விடும், சில பூனைகள் கழிவுத்தட்டு மணலை நக்கும். வீட்டில் "வயசாயிடுச்சு" என்று சொல்லிவிடுவார்கள். ஈறு வெள்ளைக் காகிதம் போலிருப்பதை ஒருநாள் யாராவது கவனித்துக் கூடையில் போட்டுக்கொண்டு வெட்டிடம் ஓடும்போது, இரத்தத்தில் இருக்கவேண்டிய சிவப்பணுவில் பாதிகூட மீந்திருக்காது.

சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ டோங்காட்டிலோ, அந்த மருத்துவமனை மேசையில் உங்கள் முன் வைக்கப்படும் வழிகள் ஏறக்குறைய நான்குதான். அங்கேயே செய்யும் மலிவான சோதனைகள். வெளி ஆய்வகத்துக்கு முழு இரத்தப் பரிசோதனையும் சிறுநீரும். கிருமிகளின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர் சோதனை. எதுவும் பார்க்காமல் மருந்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது. நான்குக்கும் இடமுண்டு. ஆனால் வரிசை மாறினால் பணம் போவது மட்டுமில்லை, பின்னால் செய்யும் சோதனையும் கெட்டுப்போகும். வெளிநாட்டுப் பூனைப் புத்தகத்தைப் பார்த்து இங்கே வரிசை போடவும் முடியாது. தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் கரையில் பூனைக்கும் பிலியரி, அதாவது சிவப்பணுவுக்குள் புகும் ஒட்டுண்ணியால் வரும் உண்ணி நோய், வரும். ஐரோப்பிய, அமெரிக்கக் கையேடுகளில் அதற்கு ஒரு வரி இருந்தால் அதிகம்.

மேசைமேல் ஐந்து நிமிடம்

எந்த வழியில் போனாலும் தொடக்கம் ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாய். முக்கால் பங்கு இரத்தம் நிரப்பி, ஒரு முனையைக் களிமண்ணால் அடைத்து, மையவிலக்கியில் ஐந்து நிமிடம் சுற்றினால் சிவப்பணு அடியில் படியும். குழாயில் அது பிடித்திருக்கும் பங்குதான் பி.சி.வி. பூனைக்கு ஏறத்தாழ 24 முதல் 45 சதவீதம் வரை இயல்பு. தென்னாப்பிரிக்க ஆய்வகங்கள் சில இதையே 0.24 என்று அச்சிடும். அதைக் கண்டு பயப்படவேண்டாம், 24 சதவீதம்தான். 20க்கு மேல் என்றால் லேசான சோகை. 14க்குக் கீழே போய்விட்டால் கடுமையானது.

அந்த எண்ணோடு குழாயை வீசிவிடுவது வீண். மேலே நிற்கும் பிளாஸ்மாவின், அதாவது இரத்த நீரின், நிறத்தைப் பாருங்கள், அல்லது பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர்போல் வெளிறியிருந்தால் அணு உடைவதன் அடையாளம் அதில் இல்லை. மஞ்சளாக இருந்தால் சிவப்பணு உடைகிறது, இல்லை கல்லீரலில் கோளாறு. சிவப்பாக இருந்தால் இரத்த நாளத்துக்குள்ளேயே அணு உடைகிறது, அல்லது ஊசி போட்டவர் அவசரத்தில் இழுத்ததில் உடைந்தது. பிறகு குழாயை முறித்து அந்தப் பிளாஸ்மாவை ரிஃப்ராக்டோமீட்டர் என்ற ஒளிவிலகல் அளக்கும் கருவியில் ஒரு சொட்டு விட்டால் மொத்தப் புரதம் தெரியும். 100 மில்லிலிட்டருக்கு 6 முதல் 8 கிராம் வரை இயல்பு. பி.சி.வியும் புரதமும் சேர்ந்து குறைந்திருந்தால் இரத்தம் உடம்பைவிட்டு வெளியே போகிறது: தெள்ளு, கொக்கிப்புழு, குடல். பி.சி.வி மட்டும் குறைந்து புரதம் சரியாக இருந்தால் அணு உள்ளேயே உடைகிறது, அல்லது எலும்பு மஜ்ஜை புதிதாகச் செய்யவில்லை. இவ்வளவு மலிவான இன்னொரு சோதனை இவ்வளவு சொல்லாது.

இதிலும் ஏமாற இடமுண்டு. நீர் வற்றிய பூனையில் பி.சி.வி 24 என்று வரும். டிரிப் ஏற்றிய மறுநாள் அதே பூனைக்கு 18. நேற்றைக்குள் இரத்தம் போகவில்லை, உண்மை வெளியே வந்தது அவ்வளவுதான். மயக்கமருந்து கொடுத்து எடுத்த இரத்தத்தில் மண்ணீரல் அணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்வதால் எண் தாழ்ந்து காட்டும். ஆகவே இரண்டு நாள் எண்களை ஒப்பிடும்போது இரண்டும் எப்படி எடுக்கப்பட்டவை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பணத்தை மிச்சம் பிடிக்கக்கூடாத இடம்

அடுத்த கேள்விதான் முழு விவகாரத்தின் சாவி: மஜ்ஜை பதில் கொடுக்கிறதா, இல்லையா? இரத்தம் குறைந்தால் ஆரோக்கியமான மஜ்ஜை இளம் சிவப்பணுவை, அதாவது ரெட்டிகுலோசைட்டை, இரத்தத்துக்குள் தள்ளும். அதை எண்ணவேண்டும். நியூ மெத்திலீன் புளூ சாயமும் இரத்தமும் சம அளவு கலந்து, பத்து முதல் இருபது நிமிடம் விட்டு, கண்ணாடித் தகட்டில் இழுத்து, ஆயிரம் சிவப்பணுவில் இளசு எத்தனை என்று எண்ணுவது. பொறுமை வேண்டும், விலை அதிகமில்லை.

பூனைக்கு மட்டும் உள்ள சிக்கல், அதன் ரெட்டிகுலோசைட் இரண்டு வகை. நீலத் திட்டாகக் கட்டிக்கொண்டிருப்பவை நேற்று முந்தாநாள் வந்தவை. புள்ளி புள்ளியாகத் தெரிபவை ஒரு வாரத்துக்கும் மேலாகச் சுற்றுபவை. திட்டு வகையை மட்டும் எண்ணவேண்டும். இரண்டையும் சேர்த்து எண்ணிவிட்டால் ஓய்ந்துபோன மஜ்ஜையும் சுறுசுறுப்பாகத் தெரியும்.

சதவீதத்தை அப்படியே நம்பவும் கூடாது. ஒரு பூனைக்கு ரெட்டிகுலோசைட் 2 சதவீதம் என்று வருகிறது. இயல்பில் அரை சதவீதத்துக்கும் குறைவு, ஆகவே மஜ்ஜை நன்றாக வேலை செய்கிறது என்று தோன்றும். ஆனால் அந்தப் பூனையின் மொத்தச் சிவப்பணு மைக்ரோலிட்டருக்கு 15 லட்சம்தான். அதில் 2 சதவீதம் 30,000. மஜ்ஜை பதில் கொடுக்கிறது என்று சொல்ல ஏறத்தாழ 50,000 தாண்டவேண்டும். எனவே இது பதில் கொடுக்காத சோகை. சிவப்பணு 30 லட்சம், 3 சதவீதம் என்றால் 90,000. அது பதில் கொடுக்கும் சோகை. இந்த ஒரு பெருக்கல் கணக்குதான், அடுத்து பி.சி.ஆருக்குப் பணம் கட்டுவதா, சிறுநீரகம் பார்ப்பதா என்று தீர்மானிக்கிறது.

விதிவிலக்கு இரண்டு. இரத்தம் திடீரென்று குறைந்திருந்தால் மஜ்ஜை முழித்துக்கொள்ள நான்கைந்து நாள் பிடிக்கும். அதற்கு முன் எண்ணினால் சோம்பேறி என்று தவறாகத் தீர்ப்பாகும். பி.சி.வி 22 போல லேசாகக் குறைந்த பூனையில் புள்ளி வகை மட்டுமே வரலாம். அதையும் மஜ்ஜைக் கோளாறு என்று எழுதிவிடக்கூடாது.

மருத்துவமனை இயந்திரமா, வெளி ஆய்வகமா?

மருத்துவமனை இயந்திரம் பத்து நிமிடத்தில் தாள் நீட்டும். நாய்க்கு அது போதும். பூனையின் இரத்தத் தட்டுகள், அதாவது இரத்தம் உறைய உதவும் துணுக்குகள், பெரிசு, கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். பல இயந்திரங்கள் அவற்றைச் சிவப்பணுவென்றும் வெள்ளையணுவென்றும் எண்ணிவிடும். தட்டு எண்ணிக்கை 40,000 என்று பார்த்து வீட்டார் கலங்கிப்போவார்கள். தகட்டைக் கண்ணால் பார்த்தால் ஓரத்தில் கொத்தாக ஒட்டிக் கிடக்கும். அவசரத்துக்கு இயந்திரம், தீர்மானத்துக்குக் கண். தகட்டைப் பார்க்கத் தெரிந்த வெட் இருந்தால் அந்த மருத்துவமனையே போதும். இல்லையென்றால் ஆய்வக நோயியலாளருக்கு அனுப்பும் செலவு நியாயமானதே.

ஆனால் அனுப்புவதில்தான் பாதி மாதிரி கெடுகிறது. ஊதா மூடிக் குழாயில் குறித்த கோடுவரை இரத்தம் இல்லையென்றால் உள்ளே இருக்கும் உறைவு தடுப்பு மிகுந்துபோய் அணு சுருங்கும், பி.சி.வி பொய்யாகத் தாழும். பூனைக்குச் சிறு குழாயே கேளுங்கள். அரை மில்லிலிட்டர் குழாய் போதும். ஊசி போட்டு இழுக்க நேரமானால் இரத்தம் உறைந்து சிறு கட்டி விழும். அந்தக் குழாயை அனுப்புவது தபால் செலவுக்குக் கேடு. டிசம்பர் வெயிலில் டர்பனிலிருந்து கூரியரில் ஒருநாள் கிடந்த குழாயில் சிவப்பணு ஊதிப்போய், அணு அளவு பெரிசு என்று அறிக்கை வரும். அதனால் இரத்தம் எடுத்த உடனே இரண்டு தகடுகள் இழுத்து, காற்றில் உலர்த்தி, சாயமில்லாமல் குழாயோடு அனுப்பச் சொல்லவேண்டும். தகட்டைக் குளிர்ப்பெட்டியில் வைக்கக்கூடாது, வியர்த்துப்போகும். கட்டித் துண்டு போட்ட ஃபார்மலின் புட்டியோடு ஒரே பையில் வைத்தால் அந்த ஆவியிலேயே தகடு பாழ்.

மஜ்ஜை பதில் கொடுத்தால்: தகடு, பி.சி.ஆர், மருந்துப் பரீட்சை

குட்டிப்பூனை என்றால் இந்த மூன்றுக்கும் முன்னால் ஒரு சீப்பு. தெள்ளுச் சீப்பால் வால் அடியிலும் கழுத்திலும் வாரி, விழும் கறுப்புத் தூளை ஈரமான வெள்ளைத் தாளில் போடுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளு தின்று கழித்த இரத்தம். ஒரு கிலோகூட இல்லாத குட்டியில் தெள்ளு மட்டுமே உயிர் போகும் அளவுக்கு இரத்தத்தைக் குடித்துவிடும். நம் கரையோர ஈரப்பதத்தில் அதற்குக் குளிர்காலம் என்று ஓய்வும் கிடையாது. கூடவே மலத்தில் கொக்கிப்புழு முட்டை பார்க்கவேண்டும். மலத்தில் மறைந்த இரத்தம் தேடும் சோதனையைப் பூனைக்குப் பரிந்துரைக்க மனம் வரவில்லை: அதற்குமுன் மூன்று நாள் இறைச்சி இல்லாமல் வைக்கவேண்டும், எந்தப் பூனை ஒத்துக்கொள்ளும்?

வளர்ந்த பூனைக்கு இந்தக் கரையில் இரண்டு கிருமிகள் போட்டியிடுகின்றன. ஒன்று உலகெங்கும் உள்ள மைக்கோபிளாஸ்மா ஹீமோஃபெலிஸ். இன்னொன்று பபேசியா ஃபெலிஸ், நம் பூனைப் பிலியரி.

நாய்ப் பிலியரியைப் பார்த்துப் பழகியவர்கள் பூனையில் கோட்டைவிடுவது இங்கேதான். நாய்க்குக் காய்ச்சல் கொதிக்கும், சில நாளில் படுத்துவிடும். பூனைக்குக் காய்ச்சல் பெரும்பாலும் இல்லை, மஞ்சள்காமாலையும் அடிக்கடி தெரியாது. சாப்பிடாது, மெலியும், மயிர் சிலிர்த்துக் கிடக்கும், வெளுக்கும், வாரக்கணக்கில் இழுக்கும். மூன்று வயதுக்குள்ளான பூனைகளில் அதிகம். உடம்பில் உண்ணி ஒன்றுகூட இல்லாமலிருக்கலாம். ஆகவே "உண்ணியே இல்லையே, பிலியரி எப்படி?" என்ற வாதம் செல்லாது.

தகட்டுக்கு இங்கே பலமும் உண்டு பலவீனமும் உண்டு. காது ஓரத்தில் குத்தி எடுத்த முதல் சொட்டில் இழுத்த தகட்டில் பபேசியாவைச் சிறு வளையமாகவோ நான்கு இதழ் சிலுவையாகவோ சிவப்பணுவுக்குள் பார்க்கலாம். பார்த்துவிட்டால் அன்றைக்கே விடை. ஆனால் கிருமி எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறி இறங்கும். ஒரு தகட்டில் இல்லை என்பதால் நோயே இல்லை என்று ஆகாது. மைக்கோபிளாஸ்மா இன்னும் மோசம்: அது அணுவின் வெளிப்புறத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது, குழாயில் கொஞ்ச நேரம் நின்றாலே உதிர்ந்துவிடும். சாயப்பொடித் துகளையும் அதையும் குழப்பாதவர்கள் குறைவு.

பி.சி.ஆர் இந்த இரண்டுக்கும் நல்லது, விலை கூட, விடை வர நாளும் ஆகும். நாட்டின் ஒரே கால்நடை மருத்துவப் பல்கலைப் பிரிவு இருக்கும் ஆண்டர்ஸ்டெபூர்ட்டிலும் தனியார் ஆய்வகங்கள் வழியாகவும் செய்ய வழியிருக்கிறது. ஆனால் 'பாசிட்டிவ்' என்ற சொல்லை நிதானமாகப் படிக்கவேண்டும். மைக்கோபிளாஸ்மாவில் ஹீமோஃபெலிஸ் என்று வந்தால் அது குற்றவாளியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஹீமோமினூட்டம் என்ற இன்னொரு இனம் மட்டும் வந்தால், எந்தக் குறையுமில்லாத எத்தனையோ பூனைகள் அதைச் சுமந்துகொண்டு திரிகின்றன. அதன் தலையில் பழியைப் போட்டுவிட்டுத் தேடலை நிறுத்தினால் உண்மைக் காரணம் உள்ளே வளரும். பூனைப் பிலியரியோடு மைக்கோபிளாஸ்மா, பூனை லுகேமியா வைரஸ், எஃப்.ஐ.வி (பூனையின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வைரஸ்) சேர்ந்திருப்பதும் உண்டு. ஒன்று கிடைத்தது என்று மற்றதைப் பார்க்காமல் விடக்கூடாது.

மருந்துப் பரீட்சைக்கு வருவோம். பணம் சுருக்கமான வீட்டில் இதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. மைக்கோபிளாஸ்மாவுக்கு டாக்ஸிசைக்ளின், உடல் எடை கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 மி.கி, இரண்டு முதல் நான்கு வாரம். நான்கு கிலோ பூனைக்கு 40 மி.கி. மாத்திரையை வாயில் போட்டுவிட்டு அப்படியே விட்டால் உணவுக் குழாயில் ஒட்டி அரித்து, பிற்பாடு குழாயே சுருங்கிப்போகும். ஒவ்வொரு முறையும் சிரிஞ்சில் 5 மில்லிலிட்டர் தண்ணீர் பின்னால் போகவேண்டும். ஒரு வாரத்தில் பி.சி.வி ஏறினால் நல்ல அடையாளம், ஆனால் அது நிரூபணமல்ல.

பிலியரிக்கு டாக்ஸிசைக்ளினை நம்பமுடியாது. நாய்க்குப் போடும் இமிடோகார்ப் ஊசியும் பூனையின் பபேசியா ஃபெலிஸைத் தீர்ப்பதில்லை. அதற்கு மலேரியா மருந்தான பிரைமாகுயின், கிலோவுக்கு 0.5 மி.கி. கிலோவுக்கு 1 மி.கி தாண்டினால் பூனையே போய்விடும், இடைவெளி அவ்வளவு குறுகல். கணக்கைப் பாருங்கள்: நான்கு கிலோ பூனைக்குத் தேவை 2 மி.கி. மனிதருக்கான மாத்திரையில் 15 மி.கி இருக்கிறது. அரை மாத்திரை கொடுத்தாலும் கிலோவுக்கு ஏறத்தாழ 1.9 மி.கி. வீட்டில் கத்தியால் நறுக்கிக் கொடுக்கும் மருந்து இது இல்லை. மருந்தாளர் பூனையின் எடைக்கு அளந்து கலந்து தரவேண்டியது. வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுக்கும். ஆகவே பிரைமாகுயினைச் 'சும்மா கொடுத்துப் பார்ப்போம்' என்று யாரும் தொடங்கக்கூடாது; தகட்டிலோ பி.சி.ஆரிலோ கிருமியைப் பார்த்தபின்தான்.

இரண்டுக்கும் நடுவே நல்ல வழி ஒன்று: மருந்து தொடங்குமுன் ஊதா மூடிக் குழாயில் அரை மில்லிலிட்டர் எடுத்துக் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கச் சொல்லுங்கள், உறைபெட்டியில் வேண்டாம். சில நாள் தாங்கும். டாக்ஸிசைக்ளினில் பூனை தேறாவிட்டால் அந்தக் குழாயைப் பி.சி.ஆருக்கு அனுப்பலாம். மருந்துக்குப் பின் எடுத்த இரத்தத்தில் கிருமி மறைந்திருக்கும், கட்டிய பணத்துக்கு 'நெகட்டிவ்' என்று ஒரு தாள்தான் மிச்சம்.

கிருமி எதுவும் இல்லை, அணு உடைகிறது என்றால் சமையலறையையும் மருந்துப் பெட்டியையும் பார்க்கவேண்டும். வெங்காயம், பூண்டு பச்சையோ வெந்ததோ பூனையின் சிவப்பணுவை உடைக்கும். கிலோவுக்கு 5 கிராம் வெங்காயமே போதும். நேற்றைய ஆட்டுக்கறிக் குழம்பைச் சோற்றோடு பிசைந்து வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. கறித்துண்டைக் கழுவி வைத்தாலும் வெங்காயத்தின் சாறு அதில் ஊறித்தான் இருக்கும். தகட்டில் இது ஹைன்ஸ் உருண்டைகளாக, அதாவது சிவப்பணுவில் கெட்டுத் திரண்ட ஹீமோகுளோபினாக, தெரியும். ஆனால் நல்ல பூனையிலும் சில இருக்கும், நீரிழிவிலும் கூடும். பனாடோ, அதாவது பாரசிட்டமால், ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லும். அது நாள்பட்ட சோகைக்குக் காரணமல்ல, திடீர் விபத்து. ஈறு வெளுக்காமல் பழுப்பாகும்.

மஜ்ஜை பதில் கொடுக்காவிட்டால்

இங்கே பி.சி.ஆர் தொகுப்புக்கு முதலில் பணம் கட்டுவது தவறான இடம். முதலில் லுகேமியா வைரஸ், எஃப்.ஐ.வி துரிதச் சோதனை. மூன்று சொட்டு இரத்தம், பத்து நிமிடம். ரெட்டிகுலோசைட் குறைவாக இருந்தும் அணு அளவு பெரிதாக இருந்தால் லுகேமியா வைரஸை முதல் வரிசையில் வையுங்கள் (பழைய மாதிரியில் அணு ஊதியதில்லை என்று உறுதி செய்துகொண்டு). பாசிட்டிவ் வந்தால் ஆய்வகத்தில் உறுதிப்படுத்தாமல் பூனையின் விதியை எழுதிவிடக்கூடாது. ஆறு மாதத்துக்குள்ளான குட்டியில் எஃப்.ஐ.வி பாசிட்டிவ் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருளாக இருக்கலாம்.

வயதான பூனை என்றால் சிறுநீரகம். சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய கழிவான கிரியேட்டினினோடு சிறுநீரின் அடர்த்தியும் சேர்த்துப் பாருங்கள், 1.035க்குக் கீழே என்றால் சிறுநீரகம் நீரைச் சேமிக்கவில்லை. இங்கே ஒரு பொருத்தம் பார்க்கவேண்டும். கிரியேட்டினின் 450 மைக்ரோமோல், பி.சி.வி 18 என்றால் இரண்டும் ஒத்துப்போகின்றன. கிரியேட்டினின் 190, பி.சி.வி 13 என்றால் சிறுநீரகத்தின்மேல் முழுப் பழியையும் போடமுடியாது. வயிற்றுக்குள் புண்ணோ கட்டியோ, மஜ்ஜையில் கோளாறோ தேடவேண்டும். வயிற்று ஸ்கேனுக்குப் பணம் கொடுக்கவேண்டிய பூனை அதுதான். நாள்பட்ட அழற்சியால் வரும் சோகை பொதுவாக லேசாகவே இருக்கும், பி.சி.வி 15 கொண்ட பூனைக்கு 'பல்லில் சீழ், அதனால்தான்' என்பது ஒப்பாது.

இரும்பு டானிக் கேட்டு வருபவர்கள் நிறையப் பேர். தெள்ளு, புழு, குடல் இரத்தக்கசிவு என்று நிரூபித்த பூனைக்கு இரும்பு வேலை செய்யும். சிறுநீரகப் பூனைக்கு, மஜ்ஜையைத் தூண்டும் டார்பெப்போயெட்டின் ஊசி தொடங்கும்போதும் கூடவே தேவைப்படும். மற்றவற்றுக்கு அது வயிற்றைக் கலக்கும், சோகை அப்படியே இருக்கும்.

இவற்றையெல்லாம்விட அதிகச் சேதம் செய்வது முதல்நாளே போடும் ஸ்டீராய்டு ஊசி. அன்று மாலை பூனை தட்டைக் காலி செய்யும், வீட்டார் மகிழ்வார்கள். எதிர்ப்புச் சக்தியே அணுவைத் தாக்கும் நோய் என்று தெரிந்த பூனைக்கு அதுதான் மருந்து, உண்மை. ஆனால் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் இருக்கும் பூனையில் அந்த ஒரு ஊசி கட்டியைத் தற்காலிகமாகச் சுருக்கி, கட்டியில் ஊசியால் எடுக்கும் மாதிரியையும் மஜ்ஜையையும் படிக்கமுடியாமல் ஆக்கிவிடும். தயங்கும் நிலையில், தகடும் ரெட்டிகுலோசைட்டும் வைரஸ் சோதனையும் முடியும்வரை ஸ்டீராய்டுக்கு 'பொறுங்கள்' என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

பி.சி.வி 12க்குக் கீழே போய் மூச்சு வாங்கினால் விசாரணைக்கு முன் இரத்தம் ஏற்றவேண்டிவரும். கிலோவுக்கு 2 மில்லிலிட்டர் முழு இரத்தம் பி.சி.வியை ஏறக்குறைய ஒரு சதவீதம் உயர்த்தும். நான்கு கிலோ பூனையை 10லிருந்து 16க்குக் கொண்டுவர சுமார் 48 மில்லிலிட்டர். பூனைக்கு ஏ, பி, ஏபி என்று வகையுண்டு. முதல்முறை ஏற்றும்போதே தவறான வகை கொல்லக்கூடும். பக்கத்து வீட்டுப் பூனையை அப்படியே தானம் கொடுக்க நிறுத்த முடியாது, வகை பார்த்தாகவேண்டும். ஏற்றுவதற்கு முன்னால் குழாயும் தகடும் எடுத்து வைத்துவிடுங்கள். ஏற்றிய பின் எடுக்கும் தகட்டில் இருப்பது இரண்டு பூனைகளின் இரத்தம்.

எலும்பு மஜ்ஜை எடுப்பது கடைசி வழி, ஆனால் சிலர் நினைப்பதுபோல் கொடூரமான வழி அல்ல. எல்லாச் சோதனையும் வெறுமையாய் வந்து, இரண்டு மூன்று வாரம் ஆகியும் ரெட்டிகுலோசைட் ஏறாமலிருந்தாலோ, சிவப்பணுவோடு வெள்ளையணுவும் தட்டும் சேர்ந்து குறைந்தாலோ, அதற்குத்தான் பணம். மயக்கத்தில் முன்கால் மேல் எலும்பின் தோள் முனையிலோ தொடை எலும்பிலோ ஊசி இறக்கி அரை மில்லிலிட்டருக்கும் குறைவாக உறிஞ்சுவார்கள். உறிஞ்சிய சில நொடிகளில் தகட்டில் இழுக்காவிட்டால் உறைந்துபோகும். அன்று காலையே ஒரு முழு இரத்தப் பரிசோதனையும் எடுத்து இரண்டையும் ஒரே உறையில் அனுப்பவேண்டும். அது இல்லாமல் வரும் மஜ்ஜைத் தகட்டை வைத்து நோயியலாளர் உறுதியாக எதுவும் எழுதமாட்டார்.